சவுண்ட் செக்கில் வந்த சாமி

காளிராஜுக்குத் தொழில் ஏசி ரிப்பேர். கல்யாணம், கோயில் கொடை விழா என்று வந்துவிட்டால் வானமாமலை இன்னிசைக் குழுவில் கிட்டார். இந்த இரண்டையும் மும்பை தாராவி கிராஸ் ரோட்டில் யாரைக் கேட்டாலும் சொல்லிவிடுவார்கள். மூன்றாவது விஷயத்தைத் தெரிந்துகொள்ள அவர் மனைவி பொன்செல்வியிடம்தான் போக வேண்டும். தினமும் அதைச் சகித்துக்கொண்டவள் அவள்தான்.

"வெளக்கு வைக்குத நேரத்துல எழவு வீட்டுப் பாட்டு. கேட்டா இங்கிலீசுங்காரு" என்பாள்.

அவள் எழவு வீட்டுப் பாட்டு என்றது அமெரிக்கக் கறுப்பின மக்களின் துயரப் பாட்டான ப்ளூஸை.

அது அவருக்குப் பிடித்துக்கொண்ட இடம் செம்பூரில் ஒரு ஃப்ளாட். கல்யாணத்துக்கு முந்தைய காலம். ஏணியில் நின்று ஏசியின் ஃபில்டரைக் கழற்றிக்கொண்டிருந்தார். பக்கத்து அறையில் வீட்டுக்காரர் ஒரு ரெக்கார்டைப் போட்டார். ஒரு கரகரத்த குரல், ஒரு கிட்டார், வேறொன்றும் இல்லை. குரல் ஒரு வரி சொன்னது; கிட்டார் பதில் சொன்னது. குரல் அதே வரியை மறுபடி சொன்னது. கிட்டார் இந்த முறை வேறு பதில் சொன்னது. அரை மணி நேர வேலையைக் காளிராஜ் மதியச் சாப்பாடு வரைக்கும் இழுத்தார். இறங்கும்போது வேலைக்காரப் பெண்ணிடம் அது என்ன பாட்டு என்று கேட்டார். "இதைப் போட்டா சாஹிப் யார்கிட்டயும் பேச மாட்டார். எனக்குத் தெரிஞ்சது அவ்வளவுதான்" என்றாள் அவள்.

அதற்கு முன்பே அவர் ஆர்கெஸ்ட்ராவில் வாசித்துக்கொண்டிருந்தார். ஆர்கெஸ்ட்ராவில் கிட்டார்காரனின் வேலை சுலபமாகச் சொல்லிவிடக்கூடியது. பாட்டில் வரும் இடையிசையை, குழுவில் எல்லோரும் 'பிட்' என்று சொல்வதை, ரெக்கார்டில் இருப்பது மாதிரியே வாசிக்க வேண்டும். ஒரு ஸ்வரம் கூடினாலும் கூட்டம் முகம் சுளிக்கும். ஒரே பாட்டைப் பத்துத் தடவை வாசித்தால் பத்து விதமாக வாசிக்கலாம் என்பது காளிராஜுக்கு அந்த ஏணி மேலிருந்துதான் தெரிந்தது. தெரிந்தபின் கை சும்மா இருக்குமா?

வடாலாவில் ஒரு கல்யாண வரவேற்பு. காதல் டூயட் ஒன்றின் பிட்டில் ஒரே ஒரு ஸ்வரத்தைக் கொஞ்சம் தாழ்வாகத் தொட்டு, கம்பியை விரலால் தள்ளி மெல்ல மேலே ஏற்றினார். பெண்ணின் தாய்மாமன் மேடைக்கே வந்துவிட்டார்.

"தம்பி, கிட்டாருக்குச் சுதி சேரலியோ? நல்ல காரியத்துல யாரோ அழுவுத மாதிரி கேக்கு."

குழுத் தலைவர் வானமாமலைக்கு மாட்டுங்காவில் பாத்திரக்கடை. நல்ல மனிதர். ஆனால் மேடை விஷயத்தில் கறார்.

"எலே காளி, கம்பிய எதுக்குல போட்டு இழுக்க? அதென்ன ஆட்டுக்குட்டியா?"

"ஒரு ஃபீலிங்குதான் அண்ணாச்சி."

"ஃபீலிங்க வீட்ல வச்சுக்க. ஜனங்க ரெக்கார்டுல கேட்டதத்தான் கேக்க வந்துருக்கு. இனி என் மேடையில ஒன் எழவுப் பாட்டு வந்துச்சுன்னா, அன்னைக்கோட நீ வேற நான் வேற."

அன்றிலிருந்து மேடையில் ஒழுங்கு. சுதந்திரம் வீட்டிலும் தன் ஏசி பட்டறையிலும் மட்டும். பட்டறையில் ஒரு பழைய அவுட்டோர் யூனிட் கிடக்கிறது. ஓடவிட்டால் அடிக்குரலில் ஒரே ஸ்வரத்தை முனகிக்கொண்டே இருக்கும். மற்றவர்களுக்கு அது தேய்ந்துபோன பேரிங். காளிராஜுக்குத் தம்புரா. அதன் மேல் உட்கார்ந்து அவர் வாசித்துப் பழகிய மதியங்கள் ஏராளம்.

ஜாஸ் பக்கம் போனது அப்புறம்தான், கையில் நல்ல ஃபோன் வந்த பிறகு. முதலில் ஒன்றும் விளங்கவில்லை. நாலு பேர் ஒரே அறையில் நின்று நாலு வேறு சண்டை போடுவது மாதிரி இருந்தது. ஆனாலும் விடவில்லை. வேலைக்காகத் தானே ஊருக்குப் போகும் லோக்கல் ரயிலில், கதவோரம் தொங்கிக்கொண்டே கேட்டார். ஒரு நாள் முலுண்ட் தாண்டும்போது சட்டென்று பிடிபட்டது. அங்கே சண்டையே நடக்கவில்லை. ஒருவர் பேசுகிறார், மற்ற மூன்று பேரும் காது கொடுக்கிறார்கள். அந்தச் சந்தோஷத்தில் தானேயில் இறங்க மறந்து கல்யாண் வரை போய்விட்டுத் திரும்பினார்.

வாசிக்க வந்துவிட்டது. கூட வாசிக்க ஆள்தான் இல்லை. ஆர்கெஸ்ட்ராவில் ரிதம் பேட் தட்டும் முத்துசெல்வத்தை ஒரு நாள் கெஞ்சிக் கூட்டி உட்காரவைத்தார். முத்துசெல்வம் பொறுமையாகத் தட்டிக்கொண்டே இருந்தான். கடைசியில், "அதெல்லாம் சரிண்ணே, பாட்டு எப்ப ஆரம்பிக்கும்?" என்று கேட்டான். அதோடு அந்த முயற்சி முடிந்தது. பிறகு ஃபோன்தான் கூட்டாளி. டிரம்ஸும் பேஸும் மட்டும் ஓடும் டிராக்குகளைப் போட்டு, காதை அடைத்துக்கொண்டு, வீட்டின் தலை இடிக்கும் மாலாவில், அதாவது மேல் பரணில், உட்கார்ந்து வாசிப்பார். உயிருள்ள நாலு பேரோடு ஒரு தடவை, ஒரே ஒரு தடவை அதை வாசித்துவிட வேண்டும். நாற்பது வயதைத் தாண்டிய மனிதருக்கு இருந்த ஆசை அவ்வளவுதான்.

அந்த ஆசைக்கு வழி செம்பூரில் சைஃப் நடத்தும் ஜாம் ரூமில் திறந்தது. பாட்டுக் குழுக்கள் மணிக்கணக்கில் வாடகைக்கு எடுத்துப் பயிற்சி செய்யும் அறை அது. ஒரு காலத்தில் தாராவியில் தோல் பதனிட்ட திருநெல்வேலிக் குடும்பம் சைஃபுடையது. அவனுக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது. பேசும்போதும் பாதி வழியில் ஹிந்திக்கு இறங்கிவிடுவான். ஷைஸ்தா என்ற பெண் பாடும் ஒரு ப்ளூஸ் பேண்டில் அவன் பேஸ் கிட்டார். அவர்களுடைய கிட்டார்காரர் கனடாவுக்குப் போய்விட்டார். அந்தச் சமயத்தில் அறையின் ஏசி படுத்தது. வந்தவர் காளிராஜ்.

"சைஃப் பாய், கூலிங் நிக்குதான்னு பாக்க கொஞ்ச நேரம் ஆவும். அதுவரைக்கும் அந்தக் கிட்டார தொட்டுக்கவா?"

"வாசிக்க வருமா?"

"ஏதோ வரும்."

காளிராஜ் வாசித்தார். அறை குளிர்ந்து, பிறகு விறைக்கவும் ஆரம்பித்தது. ரிமோட்டை யாரும் தொடவில்லை. முடிந்ததும் சைஃப் தலையைச் சொறிந்தான்.

"காளி பாய், கை ஏக்தம் மஸ்த், சூப்பர். ஆனா ஒரு லோச்சா, ஒரு சிக்கல் இருக்கு. நீ ஃபோன்கூடவே வாசிச்சுப் பழகிட்ட. ஃபோன் உன்னைக் கேக்காது, நீயும் ஃபோனைக் கேக்க வேணாம். இங்க மனுஷங்க இருக்கோம். நீ மூச்சே விட மாட்டேங்கிற. நடுவுல கொஞ்சம் இடம் குடு, நாங்களும் ஏதாவது சொல்லணும்ல?"

காளிராஜுக்குக் காது சுட்டது. சொன்னது உண்மை.

"சண்டே சாயங்காலம் வா. எங்க கிட்டார் சீட்டுக்கு இன்னும் ரெண்டு பேர் வர்றாங்க. எல்லாரும் சேர்ந்து வாசிப்போம், அங்கேயே முடிவு. அப்புறம் பாக்கலாம்னு பேச்சே இல்ல, ஷோ கிட்ட வந்துடுச்சு."

அந்த ஞாயிற்றுக்கிழமைதான் தாராவி அம்மன் கோயில் கொடை. ராத்திரி வானமாமலை குழுவின் கச்சேரி. சாயங்காலம் மேடையில் சவுண்ட் செக். காளிராஜ் கணக்குப் போட்டார். சவுண்ட் செக்கை முதல் ஆளாக முடித்துக்கொண்டு, சயான் வந்து ஆட்டோ பிடித்தால் செம்பூர் பக்கம்தான். வாசித்துவிட்டுக் கச்சேரிக்குத் திரும்பிவிடலாம். பொன்செல்வி சட்டைக்கு இஸ்திரி போட்டுக் கொடுத்தாள்.

"ரெண்டு எடத்துல தாலி கட்டப் போறவரு மாதிரி பறக்குதீங்க" என்றாள். பிறகு கொஞ்சம் குரலைத் தணித்து, "எடுத்துக்கிடுவாங்களா?" என்று கேட்டாள்.

"தெரியல. விட்டு விட்டு வாசிக்கணுமாம்."

"பேசும்போதே நீங்க விட மாட்டீங்க."

கொடை நாளில் கோயில் முன்னால் கொட்டுக்கு ஒரு கட்டுப்பாடு உண்டு. எந்த அடியைக் கேட்டுச் சாமி இறங்குகிறதோ அந்த அடியை நிறுத்தக்கூடாது, மாற்றக்கூடாது. சாமி மலையேறும்வரை அதேதான். பாதியில் நிறுத்தினால் ஆடுகிறவர் உடம்புக்கு ஆகாது என்பார்கள். அதனால் மேளக்காரர்கள் ஓய்வு நேரத்தில் விளையாட்டுக்குக்கூடக் கொட்டைத் தட்டிப் பார்ப்பதில்லை. ஆர்கெஸ்ட்ராக்காரர்களுக்கு இந்தக் கவலை இருந்ததில்லை. காதல் டூயட்டுக்கு யாருக்குச் சாமி வரும்? அம்மன் பாட்டை வானமாமலை கடைசியில்தான் வைப்பார்.

கோயிலுக்கு எதிரே சந்து முழுவதையும் அடைத்து மேடை. மைக்செட் நாணு, "கிட்டார் குடுங்கண்ணே" என்று கை காட்டினான். காளிராஜின் மனசு அதற்குள் செம்பூர் போய்ச் சேர்ந்திருந்தது. விரல் அது பாட்டுக்கு அங்கே வாசிக்க வேண்டியதை எடுத்துவிட்டது. மூன்றே கார்டு, அதாவது மூன்றே ஸ்வரக்கூட்டு; பன்னிரண்டு கட்டம் கொண்ட ஒரு சுற்று. முடிகிற இடத்தில் மறுபடி தொடங்கும். மூன்று மூன்றாகத் துள்ளும் நடை. மேடையில் ப்ளூஸ் கூடாது என்று வானமாமலை போட்ட தடை நினைவுக்கு வரவே இல்லை. கூட்டம் இன்னும் கூடவில்லை, இது வெறும் சவுண்ட் செக்.

கோயில் வாசலில் நையாண்டி மேளக்காரர்கள் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். பம்பை வாசிக்கும் சுடலைக்கண்ணன் மற்ற நாட்களில் பெல்ட் பட்டறைத் தொழிலாளி. அந்த நடை அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு. நையாண்டி மேளத்தில் பாதி அதுதான். டம்ளரைக் கீழே வைத்தார். குச்சியை எடுத்து, ஓசை படாமல் ஓரத்தில் இரண்டு தட்டு. பிறகு நடுவில் ஒன்று.

காளிராஜ் நிமிர்ந்தார். தன் கைக்குக் கீழே யாரோ நடந்து வருவது மாதிரி இருந்தது. அங்கேயே நிறுத்தியிருக்க வேண்டும். அந்தத் தெருவில் பிறந்தவருக்கு அது தெரியாததல்ல. ஆனால் அவர் செய்தது கிட்டாரின் வால்யூமைத் திருகி ஏற்றியது. சுடலைக்கண்ணனும் அடியை ஏற்றினார்.

இரண்டாவது சுற்று முடிவதற்குள் குலவைச் சத்தம் கேட்டது. கோயில் படியில் பூக்கட்டிக்கொண்டிருந்த சொர்ணம்மாள் எழுந்து நின்றிருந்தாள். கொண்டை அவிழ்ந்து, கண் நிலைகுத்தி, தோள் இரண்டும் அந்த நடையில் துள்ளிக்கொண்டிருந்தன.

"ஆத்தா வந்துட்டா! ஆத்தா வந்துட்டா!"

காளிராஜின் விரல் அரை நொடி தயங்கியது. சந்தின் கோடியிலிருந்து வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடி வந்தவர் வானமாமலை.

"எலே, நிறுத்திராத! நிறுத்திராத!"

"அண்ணாச்சி, நான் செம்பூரு போவணும்..."

"எங்கல போவ? ஆத்தா நிக்காலே!"

"இது அந்த... எழவுப் பாட்டு அண்ணாச்சி."

"வாய மூடுல! வாசி!"

கோயில் கமிட்டித் தலைவர் கணேசபாண்டியனுக்கு மட்டும் சந்தேகம். மேடையருகே வந்து, "ஏ தம்பி, ஆத்தாவுக்கு அம்மன் பாட்டா மாத்தும்" என்றார். காளிராஜ் பக்குவமாக மாற்றிப் பார்த்தார். சொர்ணம்மாள் நின்றாள். நாக்கைக் கடித்துக்கொண்டு மேடையைப் பார்த்து உறுமினாள். "எவம்ல மாத்துனது?" பெண்கள் அலறினார்கள். கணேசபாண்டியன் கன்னத்தில் போட்டுக்கொண்டு பின்வாங்கினார். மறுபடி அதே மூன்று கார்டு.

மாலாவில் தனியாக உட்கார்ந்து சேர்த்து வைத்த சரக்கையெல்லாம் காளிராஜ் இறக்கினார். அது எவ்வளவு சீக்கிரம் தீர்ந்தது என்பதுதான் ஆச்சரியம். கையில் ஒன்றும் இல்லை. சுற்று மட்டும் வந்துகொண்டே இருந்தது. வேறு வழியில்லாமல் ஒரே ஒரு ஸ்வரத்தைத் தொட்டுவிட்டுக் கையை எடுத்தார். அந்த இடைவெளியில் பம்பை ஏதோ சொன்னது. சொர்ணம்மாளின் கால் சதங்கை இல்லாமலே அதற்குப் பதில் சொன்னது. காளிராஜ் காத்திருந்தார். பிறகு அந்தப் பதிலையே கம்பியில் திருப்பிச் சொன்னார். சுடலைக்கண்ணன் அங்கிருந்து பார்த்துச் சிரித்தார். நாதஸ்வரமும் தவிலும் எழுந்து வந்து சேர்ந்துகொண்டன. இத்தனை வருடமாகக் கம்பியை இழுத்து இழுத்து அவர் தேடிய அந்த அரைகுறை ஸ்வரத்தை நாதஸ்வரம் போகிற போக்கில் ஊதிவிட்டுப் போனது.

சட்டைப் பையில் ஃபோன் அதிர்ந்தது. நின்றது. மறுபடி அதிர்ந்தது. காளிராஜுக்கு இரண்டு கையும் வேலையில். கூட்டத்தில் நின்ற பொன்செல்விக்கு அவர் முகம் போன போக்கு தெரிந்தது. மேடையில் ஏறினாள். பையிலிருந்து ஃபோனை எடுத்தாள்.

"காளி பாய், கஹாங் ஹோ? எங்க இருக்க? எல்லாரும் வெயிட்டிங்!"

"நான் அவரு வீட்டுக்காரி. அவரால வர முடியாது. இங்கன சாமி வந்துருக்கு."

"யார் வந்திருக்காங்க?"

பொன்செல்வி அதற்குமேல் விளக்கவில்லை. ஃபோனை ஸ்பீக்கர் பெட்டிக்கு நேரே நீட்டிப் பிடித்தாள். கை வலிக்க வலிக்க, மற்றக் கையால் முட்டுக்கொடுத்து, ஆத்தா மலையேறும்வரை அப்படியே பிடித்திருந்தாள். அந்தப் பக்கம் யாராவது கேட்கிறார்களா, துண்டித்துவிட்டுப் போய்விட்டார்களா என்று அவள் பார்க்கவில்லை.

சந்தில் டியூப்லைட்டுகள் எரிந்த நேரத்தில் சொர்ணம்மாள் மேடை ஏறி வந்து காளிராஜின் நெற்றியிலும் கிட்டாரின் வயிற்றிலும் திருநீறு பூசினாள். பிறகு சாய்ந்தாள். பெண்கள் தாங்கிப் பிடித்து முகத்தில் தண்ணீர் தெளித்தார்கள். கண் விழித்தவள், "கச்சேரி ஆரம்பிச்சிட்டாவளா?" என்று கேட்டாள்.

காளிராஜின் விரல் நுனிகள் வீங்கியிருந்தன. மேடைக்குப் பின்னால் போய் உட்கார்ந்து ஃபோனைக் காதில் வைத்தார். இணைப்பு அறுபடாமல் இருந்தது.

"சைஃப் பாய், மன்னிச்சுக்கிடுங்க. என் தப்புதான். ஆத்தா வந்துட்டா நிறுத்தக்கூடாது. ஒங்களுக்குச் சொன்னா வெளங்குமோ என்னவோ..."

"ஏன் விளங்காது? என் மாமு மாஹிம் தர்கால கவ்வாலி பார்ட்டில இருந்தார். யாருக்காவது ஹால் வந்து தன்னை மறந்துட்டா அதே வரிதான். அந்த ஆள் தெளியற வரைக்கும் மாத்தக்கூடாது. தொண்டை கிழிஞ்சாலும் பாடணும்." பிறகு விஷயத்துக்கு வந்தான். "சீட் போயிடுச்சு காளி பாய். பாந்த்ரா பையன் ஒருத்தன் டைமுக்கு வந்தான், நல்லா வாசிச்சான். அவனுக்கு ஓகே சொல்லிட்டேன். வார்த்தை மாற மாட்டேன்."

"மாறக்கூடாதுதான்."

"அதுக்கு அப்புறம்தான் ஃபோனை ஆம்ப்ளிஃபயர்ல போட்டோம். எல்லாரும் கேட்டோம். அன்னைக்கு ஏசி பாக்க வந்தப்ப நீ லொடலொடனு பேசிட்டே இருந்த. இன்னைக்கு நடுவுல நடுவுல வாயை மூடின பாரு..." அவன் சிரித்தான். "ஷைஸ்தா கேக்குறா, அந்த டிரம் ஆள் யாரு? செவ்வாய்க்கிழமை ப்ராக்டிஸ். அவரைக் கூட்டிட்டு வா. ஒரு பாட்டு மட்டும் பாக்கலாம். ப்ராமிஸ் ஒண்ணும் இல்ல."

காளிராஜ் சரி என்றார். பொன்செல்வி பக்கத்தில் நின்று கையை உதறிக்கொண்டிருந்தாள்.

"கெடைக்கல" என்றார்.

"வெளங்குது. மூஞ்ச கழுவுங்க, மேடைக்குக் கூப்பிடுதாங்க."

அன்று ராத்திரிக் கச்சேரியில் ரெக்கார்டு பிசகாமல் எல்லாப் பிட்டும் வந்தன. ஒரு பாட்டு முடிந்ததும் இளவட்டங்கள் முன்னால் வந்து, "அண்ணே, அந்தச் சாமிப் பாட்ட இன்னொரு மட்டம்" என்று கத்தினார்கள். காளிராஜ் ஆசையோடு வானமாமலையைப் பார்த்தார். வானமாமலை பதறிப்போய் மைக்கை மூடினார்.

"எலே, அத இனி சும்மா சும்மா எடுக்காத. ஆத்தாளுக்கு உள்ளது அது. என் மேடையில அது கூடவே கூடாது."

எழவு என்று தடுத்தவர் இப்போது தெய்வம் என்று தடுத்தார். காளிராஜுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. அடுத்த டூயட்டின் பிட்டை எடுத்தார்.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் சயானில் செம்பூர் பஸ். பம்பையைப் போர்வையில் சுற்றி மடியில் வைத்திருந்தார் சுடலைக்கண்ணன்.

"ஏ காளி, அங்கன ஏசி ரூமாமே? தோலு இறுகிரும்யா. சத்தம் கீச்சுனு போயிரும்."

"ஏசிய நான் பாத்துக்கிடுதேன்."

சொன்னபடி, அறைக்குள் நுழைந்ததும் முதலில் ஏசியை அணைத்தார். ரிப்பேர் செய்து கொடுத்தவரே அணைப்பதைச் சைஃப் விநோதமாகப் பார்த்தான். பாந்த்ரா பையனும் வந்திருந்தான். தன் நாற்காலியை நகர்த்திக் காளிராஜுக்கு இடம் விட்டான். ஷைஸ்தா பம்பையை ஒரு சுற்று சுற்றிப் பார்த்துவிட்டு மைக் முன்னால் நின்றாள். எல்லோருக்கும் வியர்க்க ஆரம்பித்திருந்தது.

"எத்தனை ரவுண்டு போறோம்? எங்க முடிக்கணும்?" என்று ஹிந்தியில் கேட்டாள். காளிராஜ் அதைத் தமிழில் சுடலைக்கண்ணனிடம் சொன்னார்.

"அதெப்படி முன்கூட்டியே சொல்ல முடியும்?" என்றார் சுடலைக்கண்ணன், குச்சியை நாக்கில் தொட்டுக்கொண்டே. "அந்தப் பிள்ளைய மொதல்ல பாடச் சொல்லும்."